வேருக்கு லேபிள் கிடையாது

2011 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாடகை அறையில் உட்கார்ந்து ராஜினாமா மெயில் ஒன்று டைப் அடித்துக் கொண்டிருந்தேன். மூன்று மாதம் தூக்கம் கெட்டு நான் எழுதிய புரோகிராமை அன்றைக்குத்தான் கஸ்டமருக்குப் போட்டுக் காட்டினார்கள். காட்டியவர் வேறொருவர். கடைசி ஸ்லைடில் 'நன்றி' என்று போட்டு ஒன்பது பெயர்கள். மீட்டிங் ரூம் ஏற்பாடு செய்தவர் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை.

"இப்ப அனுப்பாதடா. வேலை போனா விசாவும் போயிடும். திங்கக்கிழமை பாத்துக்கலாம். நாளைக்கு எங்கயாவது போயிட்டு வருவோம்" என்றான் அறை நண்பன். சொந்த ஊர் மன்னார்குடி. ஆபீஸில் அவன் பெயரும் அதுவே. அவன் 'எங்கயாவது' என்றால் அந்த இடத்தில் கட்டாயம் பாட்டில் இருக்கும்.

செயின்ட் லூயிஸ், பட்வைசர் பீர் பிறந்த ஊர். அங்கே போய் 'மிஸௌரி ஒயின்' என்றால் உள்ளூர்க்காரர்களே கொஞ்சம் சிரிப்பார்கள். ஒயின் என்றால் கலிஃபோர்னியா, அதுவும் நாபா. ஆனால் மேற்கே மிஸௌரி ஆற்றை ஒட்டி 94-ஆம் நம்பர் ரோட்டில் போனால் அகஸ்டா என்று ஒரு குட்டி ஊர் வருகிறது. அமெரிக்க அரசாங்கம் 'இது தனி ஒயின் வட்டாரம்' என்று முதன்முதலில் முத்திரை குத்தியது இந்த ஊருக்குத்தான், 1980 ஜூனில். நாபாவுக்கு அது கிடைத்தது 1981-ல். இதை நான் சொன்னபோது மன்னார்குடி, "அப்ப ஏன்டா யாருக்கும் தெரியல?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த இன்னொருத்தனையும் யாருக்கும் தெரியாமல்தானே இருந்தது.

ஆற்றைத் தாண்டி ஹெர்மான் போய்ச் சேர்ந்தோம். பிலடெல்பியாவிலிருந்து வந்த ஜெர்மன்காரர்கள் 1837-ல் குடியேறிய ஊர். வந்தவர்களுக்கு ரோஷம் ஜாஸ்தி. பிலடெல்பியாவின் மார்க்கெட் தெருவைவிடப் பத்தடி அகலமாக இங்கே ஒரு மார்க்கெட் தெரு போட்டிருக்கிறார்கள். நிலமோ ஒரே மேடு பள்ளம், கோதுமைக்கு லாயக்கில்லை. திராட்சை போட்டார்கள்.

மேட்டின் மேல் ஸ்டோன் ஹில் ஒயினரி, 1847-ல் ஆரம்பித்தது. பூமிக்கடியில் கல் வளைவுகளோடு பாதாள அறைகள். உள்ளே போனால் ஊட்டிக் குளிர். 1920-ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்தது. (மதுவிலக்கு பற்றித் தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.) கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். இந்தப் பாதாள அறைகளில் காளான் வளர்த்தார்கள். 1933-ல் மதுவிலக்கு போன பிறகும் காளான்தான். மறுபடி இங்கே ஒயின் வந்தது 1965-ல். நாற்பத்தைந்து வருஷ இடைவெளி!

அங்கிருந்து கீழே இறங்கி, பெயர்ப் பலகையே பாதி அழிந்திருந்த ஒரு சின்ன ஒயினரிக்குப் போனோம். மர கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பாட்டி. ருசி பார்க்க ஆளுக்குச் சில டாலர். பக்கத்தில் ஒரு வாளி. குடிப்பவன் விழுங்கலாம், கார் ஓட்டுபவன் வாயில் சுழற்றிவிட்டு வாளியில் துப்பலாம். மன்னார்குடிக்கு லைசென்ஸ் கிடையாது. ஆகவே துப்பும் பாக்கியம் எனக்கு.

"துப்புறதுக்காடா காசு குடுத்தோம்?" என்று அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

முதலில் கான்கார்ட். மூக்கருகே கொண்டு போனதுமே, பள்ளிக்கூட வாசலில் விற்கும் கிரேப் சர்பத்! எனக்குத்தான் பிரமை என்று நினைத்தேன். பாட்டி சொன்னார்: அமெரிக்கக் காட்டுத் திராட்சை வம்சத்தில் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்று ஒரு சரக்கு இயற்கையாகவே இருக்கிறது, மிட்டாய்க்காரர்கள் கிரேப் வாசனைக்குச் சேர்ப்பதும் அதேதான். ஒயின் ரசிகர்கள் இந்த வாசனையைக் கேட்டாலே முகம் சுளிப்பார்களாம். எனக்குப் பிடித்திருந்தது. அவர் கண்ணெதிரே துப்பச் சங்கடமாக இருந்தது.

அப்புறம் நார்ட்டன். 1820-களில் வர்ஜீனியாவில் ஒரு டாக்டர் வளர்த்தெடுத்த ரகம், நிலைத்தது மிஸௌரியில். 2003-லிருந்து மாநிலத்தின் அதிகாரபூர்வத் திராட்சை. இதில் அந்தச் சர்பத் வாசனை இல்லை. கண்ணாடியில் ஊற்றினால் மசிக் கறுப்பு. வாயில் வைத்தால் புளிப்பு, துவர்ப்பு. மன்னார்குடி நாக்கை நீட்டிக் காட்டினான். ஊதா. "நாகப்பழம்டா இது!" என்றான். அவன் வாழ்க்கையில் சொன்ன மிகச் சரியான ஒயின் விமரிசனம் அதுதான்.

நான் சும்மா இருக்காமல், "பிரெஞ்சு ஒயின் மாதிரி வருமா?" என்று கேட்டு வைத்தேன்.

பாட்டி கோபப்படவில்லை. ஒரு கதை சொன்னார். 1860-களில் பிரான்ஸில் திராட்சைத் தோட்டங்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போக ஆரம்பித்தன. வேரை உறிஞ்சும் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சைஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. அமெரிக்கக் கொடிகள் காலங்காலமாக அதோடு குடும்பம் நடத்திப் பழகியவை. அவற்றின் வேர் தாங்கிக் கொள்ளும். ஐரோப்பியக் கொடிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. இதைத் துருவியவர்களில் ஒருவர் சார்லஸ் ரைலி, மிஸௌரி மாநிலத்தின் பூச்சியியல் நிபுணர். பிரெஞ்சு அரசு அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. மருந்து என்ன? நம் ஒட்டுமாங்கன்று மாதிரிதான். கீழே அமெரிக்க வேர், மேலே பிரெஞ்சுக் கொடி. மிஸௌரி நர்சரிக்காரர்கள் கட்டுக் கட்டாகக் குச்சிகளை அனுப்பினார்கள். இன்றைக்கும் பிரான்ஸின் பெரும்பாலான தோட்டங்கள் அமெரிக்க வம்ச வேரில்தான் நிற்கின்றன.

மன்னார்குடி என் காதில், "நம்ம கேஸ்டா. வேரு நீ. லேபிள்ல அவன் பேரு" என்றான். சுருக்கென்றது. மத்தியானம் முழுக்க மறந்திருந்தேன்.

"லேபிளில் மிஸௌரி பெயர் போடவில்லையே என்று உங்களுக்கு வருத்தம் இல்லையா?" என்று பாட்டியைக் கேட்டேன்.

அவர் நார்ட்டன் பாட்டிலைத் திருப்பி, 'மிஸௌரி' என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தார். "அவர்கள் போடுவார்கள் என்று காத்திருந்தால் இது வந்திருக்காது. வேண்டுமா, இருபது டாலர்."

ஐம்பதால் பெருக்கிப் பார்க்கும் வியாதி அப்போது எனக்கு முற்றியிருந்தது. ஆயிரம் ரூபாய். வாங்கினேன். திரும்பும் வழியெல்லாம் மன்னார்குடி அதை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

அன்று ராத்திரி ராஜினாமா மெயிலை அழித்தேன். வேறொன்று எழுதினேன். நான்கே வரி. எந்தெந்தப் பகுதி நான் எழுதியது, அடுத்த முறை அதை நானே கஸ்டமருக்கு விளக்க விரும்புகிறேன், அவ்வளவுதான். கை நடுங்கத்தான் செய்தது. பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு அனுப்பினேன். இந்தத் தடவை துப்பவில்லை.

பத்து நாள் பதிலே இல்லை. டிசம்பர் மீட்டிங்கில் என் பகுதிக்குப் பதினைந்து நிமிஷம் ஒதுக்கினார்கள். ஸ்லைடில் என் பெயர் வந்தது. இரண்டு எழுத்துப் பிழையோடு.