கேட் டூட்டி

தோஹா, செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

டைப்பிங் சென்டரை 12 மணிக்குப் பூட்டினால் மறுபடி திறப்பது 4 மணிக்கு. சாப்பிட்டுவிட்டு நஜ்மா பகுதியில் இருக்கும் எங்கள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். ஏசி சத்தத்தில் வெளியே எதுவும் கேட்கவில்லை. எழுப்பியது ஊரிலிருந்து வந்த அம்மாவின் போன். "டிவியில கத்தார்னு போடுறான், நீ எங்கப்பா இருக்க?" ரூமில்தான் இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு வாட்ஸப்பைத் திறந்தால், லெக்தைஃபியா பெட்ரோல் பங்க் பக்கம் புகை எழும் வீடியோ. பங்க்கில் தீப்பிடித்துவிட்டது என்றுதான் ஒருவர் எழுதியிருந்தார். அடுத்தவர் எழுதினார்: தீ இல்லை, குண்டு.

லெக்தைஃபியா என்றதும் அண்ணாச்சி நினைவுதான் வந்தது. எங்கள் அறையில் அவர்தான் மூத்தவர். கோவில்பட்டிக்காரர், கத்தாருக்கு வந்து 19 வருடம். அந்தப் பக்கம் ஒரு வில்லா காம்பவுண்டில் செக்யூரிட்டி. அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. கடைசியில் எடுத்து, "நல்லா இருக்கேன் தம்பி. வீட்டுக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லிரு" என்று வைத்துவிட்டார். அவர் வீட்டுக்காரம்மாவுக்கு நான் சொன்னபோது அழவில்லை. "அவுக கொரல நீங்க கேட்டியளா?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்.

இரவு அவர் வந்து சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். முதல் சத்தம் மூன்றே முக்கால் மணிவாக்கில். கேபின் கண்ணாடி அதிர்ந்திருக்கிறது. அது அடங்குமுன் அடுத்தது, அதற்கடுத்தது. கொஞ்ச நேரத்தில் காம்பவுண்டு வண்டிகள் எல்லாம் கேட்டுக்கு வந்துவிட்டன. ஈரத் தலையோடு ஒரு அம்மா, மடியில் செருப்பில்லாத பிள்ளை. வெளியே போகும் ஒவ்வொரு வண்டியின் நம்பரையும் ரெஜிஸ்டரில் எழுதிய பிறகுதான் பேரியரைத் தூக்க வேண்டும், அது விதி. அண்ணாச்சி பேரியரைத் தூக்கிவிட்டுப் பிடித்தபடி நின்றுவிட்டார். "யார நிறுத்தி நம்பர் எழுதச் சொல்லுத? எல்லாரும் போன பொறவு கீழ விட்டேன்."

டிவியில் சொன்னது இது. காஸா போரை நிறுத்த அமெரிக்கா கொடுத்திருக்கும் யோசனையைப் பற்றிப் பேச ஹமாஸ் தலைவர்கள் அங்கே கூடியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இஸ்ரேல் விமானங்கள் அடித்திருக்கின்றன. தாங்கள்தான் அடித்தோம் என்று இஸ்ரேலே சொல்லிவிட்டது. குறி, பேச்சுவார்த்தைக் குழுவின் தலைவர் கலீல் அல் ஹய்யாவும் கூட இருந்தவர்களும். தலைவர்கள் தப்பிவிட்டார்கள் என்கிறது ஹமாஸ். செத்தவர்கள்: ஹய்யாவின் மகன் ஹுமாம், அலுவலகத்தைக் கவனித்துவந்த ஜிஹாத் லபாத், உடன் இருந்த மூன்று பேர். ஆறாவது ஆள் ஒரு கத்தாரி. லக்வியா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புப் படைக்காரர், கார்ப்பரல் பத்ர் அல் தோசரி.

அண்ணாச்சி அந்தப் பெயரை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். லக்வியா வண்டிகள் அந்தப் பக்கம் நிற்பதை அவர் தினமும் பார்ப்பவர். "இவுகளும் நம்மள மாதிரி கேட் டூட்டிதாம்ல" என்றார்.

செப்டம்பர் 10

ஜூன் 23 அன்று ஈரான் இங்குள்ள அல் உதைத் அமெரிக்கத் தளத்தின் மீது ஏவுகணை விட்டபோது இவ்வளவு பயமில்லை. அன்று வான்வழியை முன்கூட்டியே மூடியிருந்தார்கள், ஏதோ வரப்போகிறது என்று தெரிந்திருந்தது. மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்தோம். இந்த முறை அமெரிக்காவின் போன் வந்ததே குண்டு விழுந்து பத்து நிமிடம் கழித்துத்தான் என்று கத்தார் பிரதமர் சொல்லியிருக்கிறார். இந்தப் பகுதியிலேயே மிகப் பெரிய அமெரிக்கத் தளம் இருக்கும் நாட்டின் நிலைமை இது.

நேற்று வண்டி நம்பர் எழுதாததற்கு அண்ணாச்சியிடம் அவருடைய கம்பெனி விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறது. நான்தான் டைப் செய்து கொடுத்தேன். மனு எழுதுவதே என் பிழைப்பு, அரபியில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது போகும். இந்த நான்கு வரிக்கு அரை மணி நேரம் ஆனது.

செப்டம்பர் 11

இமாம் முகம்மது பின் அப்துல் வஹ்ஹாப் பள்ளிவாசலில் இறந்த ஆறு பேருக்கும் ஜனாஸா தொழுகை. நேரலையில் பார்த்தேன். ஒரு பெட்டியின் மீது கத்தார் கொடி, ஐந்தின் மீது பாலஸ்தீனக் கொடி. அமீர் வந்து தொழுதார். போன வருடம் ஜூலை 31 அன்று தெஹ்ரானில் கொல்லப்பட்ட ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியாவுக்கும் இதே பள்ளிவாசலில்தான் தொழுகை. அவரை லுசைலில் அடக்கினார்கள். இவர்களை மெசைமீரில்.

தலைவனை எடுத்துவிட்டால் இயக்கம் முடிந்துவிடும் என்று நம்பி இஸ்ரேல் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறது. 1992இல் லெபனானில் ஹிஸ்புல்லா தலைவர் அப்பாஸ் அல் முசாவியை ஹெலிகாப்டரிலிருந்து அடித்துக் கொன்றார்கள். காரில் மனைவியும் சின்ன மகனும் இருந்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் ஹசன் நஸ்ரல்லா. 32 வருடம் இருந்தார், முசாவி காலத்தைவிடப் பல மடங்கு பெரிய படையோடு. 2004 மார்ச்சில் காஸாவில் ஹமாஸ் தலைவர் ஷேக் அகமது யாசினைக் கொன்றார்கள். அடுத்து வந்த ரன்திசியை ஒரு மாதத்துக்குள். ஹமாஸ் முடிந்ததா? முடிந்திருந்தால் 2023 அக்டோபர் 7 எப்படி வந்தது? அன்று ஹமாஸ் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றதை நான் எந்த வாயாலும் நியாயப்படுத்த மாட்டேன். இந்தத் திங்கட்கிழமை ஜெருசலேமில் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார்கள், ஹமாஸ் பொறுப்பேற்றது. அந்த இடம் ஒரு பஸ் ஸ்டாப். இரண்டு பக்கத்திலும் சாகிறவர்கள் எங்கேயோ போக வேண்டி நின்றுகொண்டிருந்தவர்கள், யாருக்கோ காவலாக நின்றுகொண்டிருந்தவர்கள்.

காஸாவில் 64,000 பேருக்கு மேல் செத்துவிட்டார்கள் என்கிறது அங்குள்ள சுகாதாரத் துறை. அதை நிறுத்தப் பேசிக்கொண்டிருந்த மேசையின் மீது குண்டு போட்டால் மறுபடி யார் வந்து அதில் உட்காருவார்? ஹமாஸிடம் இருக்கும் இஸ்ரேலியப் பிணைக்கைதிகளின் குடும்பங்களும் இதையேதான் பயந்து கேட்கிறார்கள். பேச ஆள் வேண்டும். அந்த ஆள் எவ்வளவு வேண்டாதவனாக இருந்தாலும் வேண்டும்.

செப்டம்பர் 15

தாக்குதலைப் பற்றிப் பேச தோஹாவில் அரபு, இஸ்லாமிய நாடுகளின் அவசர மாநாடு. ரோடெல்லாம் அடைப்பு. கண்டனத் தீர்மானம் நீளமாக இருக்கிறது.

செப்டம்பர் 29

நெதன்யாகு வெள்ளை மாளிகையிலிருந்து கத்தார் பிரதமருக்குப் போன் போட்டு வருத்தம் தெரிவித்திருக்கிறார். கத்தார் படைக்காரர் இறந்தது வேண்டுமென்று செய்ததல்ல என்று. அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "சரி, அந்தப் பையன் வீட்டுக்கு யார் போன் போட்டா?" எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

காஸாவில் இன்று மதியம் முதல் போர்நிறுத்தம். எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில் ஹமாஸ் பக்கம் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கியவர் கலீல் அல் ஹய்யா. ஒரு மாதத்துக்கு முன்னால் யாரைக் கொல்ல விமானம் வந்ததோ, அவரோடுதான் பேசி முடித்திருக்கிறார்கள். அவர் மகன் மெசைமீரில் இருக்கிறான். நெடுநேரம் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம். இடிந்த வீட்டைத் தேடிக் கடலோரமாக வடக்கே நடந்துபோகும் கூட்டத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அண்ணாச்சிக்கு இந்த வாரம் நைட் டூட்டி. யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வந்து கத்தார் ஐடியை உறையிலிருந்து உருவி என் முன்னால் வைத்தார்.

"தம்பி, ஒரு துண்டுத் தாள்ல வீட்டு நம்பர எழுதி இதுக்குப் பின்னால சொருகிக் குடு. அரபியிலயும் எழுது."

"இப்பதான் சண்ட நின்னுட்டே அண்ணாச்சி."

"எழுது."

தமிழில் அவர் பெயரை எழுதினேன், கீழே அரபியில். பிறகு நம்பர், 91 என்று ஆரம்பித்து. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தார். கடைசிக்கு முந்தியது ஏழா, ஒன்றா என்று கேட்டார். ஏழின் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டுக் கொடுத்தேன். உறையில் சொருகிக்கொண்டு வேனுக்கு இறங்கினார்.