கடலோர இரவுப்பணி

என் முன்னாள் மாணவன் ஒருவன் மெக்சிகோவின் பிளாயா டெல் கார்மென் நகரில் தங்கி, கோலாலம்பூர் நிறுவனத்திற்கு இணையவழிப் பணியாற்றுகிறான். எதிரே கரீபியக் கடல், அப்பால் கொசுமெல் தீவு. கேட்டபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

ஆனால், கால வேறுபாடு 13 மணி நேரம். இங்குக் காலை 9 என்றால் அங்கு முந்தைய இரவு 8. ஊர் உறங்குகையில் உழைக்கிறான், பகலில் உறங்குகிறான்.

“கடலில் இறங்கி எத்தனை நாளாயிற்று?”

“ஒரு மாதம் இருக்கும், டீச்சர்.”

மனம் கனத்தது. இங்கு மாலை 6 மணிக்கு அவன் வேலை முடிகையில் அங்கு விடியற்காலை 5. அக்கரை கிழக்கு நோக்கியது. கதிரவன் கடலிலிருந்தே எழுவான்.

“நாளை உறங்குமுன் கடற்கரைக்குப் போ. சூரிய உதயத்தைப் பத்து வாக்கியங்களில் எழுதி அனுப்பு,” என்றேன்.

மறுநாள் மூன்றே வாக்கியங்கள் வந்தன. எழுத்துப்பிழைகளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.