வெள்ளைப் பெட்டிக்கு வழி தேடினோம்

சென்ற மாதம் எமது தொடர்மாடியின் கீழ்வீட்டு மாணவர் ஒருவர், பழைய எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியொன்றைக் கையில் ஏந்திக்கொண்டு எம்மிடம் வந்தார். உறவினர் ஒருவர் கொடுத்ததாம். "ஐயா, இதுக்குள்ள வைபை இல்லையாம். குறைஞ்ச செலவில இன்ரநெற் எடுக்க ஏதும் வழி இருக்கோ?" என்று வினவினார். எமக்குச் சிரிப்பு வந்தது. 2011 ஆம் ஆண்டிலே இதே பெட்டியும் இதே வினாவும் எமது இல்லத்தில் ஒரு மாத காலம் குடிகொண்டிருந்தன.

அவ்வாண்டு, லண்டனிலுள்ள எமது தமையனார் தம் மகனுக்குப் புதிய பெட்டியொன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, பழைய வெள்ளைப் பெட்டியைக் கப்பற் பொதியில் எமது மகனுக்கு அனுப்பிவைத்தார். சிறுவர் இருவரும் நேரிற் கண்டுகொண்டது ஒரே ஒரு முறை. அதுவும் நான்கு ஐந்து வயதில். தொலைபேசியைக் கையிற் கொடுத்தால் "ஹலோ" என்று ஒரு சொல் வரும், பின்னர் மௌனம், பின்னர் "அப்பாட்டைக் குடுக்கிறன்" என்பதோடு உறவு முடிந்துவிடும். சேர்ந்து விளையாடினால் பேச்சுத் தானாக வரும் என்பது அண்ணரின் எண்ணம். விளையாட்டுக்கான சந்தாவைத் தாமே கட்டுவதாகவும் கூறினார். இணைப்பு மாத்திரம் எமது பொறுப்பாயிற்று.

2005 ஆம் ஆண்டில் இப்பெட்டி வெளிவந்தபோது, கம்பியில்லாத் தொடர்புக்குரிய கருவியை மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் உள்ளே வைக்கவில்லை. பின்புறத்தில் ஈதர்நெற் வயர் செருகும் துளை ஒன்று மாத்திரமே உண்டு. வைபை வேண்டுவோர் தனியே ஒரு கருவியை வாங்கி யூ.எஸ்.பி. துளையிற் பொருத்தவேண்டும். அதன் விலை அமெரிக்காவில் 99 டொலர் 99 சதம். பெட்டியின் மலிந்த வகையே அங்கு 299 டொலர் 99 சதத்துக்கு விற்பனையானதென்றால், மூன்றிலொரு பங்கு விலை அந்தச் சிறு துண்டுக்கு! 2010 இல் வந்த புதிய வடிவத்தில்தான் வைபை உள்ளேயே அமைந்தது. டொலர் ஏறக்குறைய 110 ரூபாவாக இருந்த காலம் அது. கணக்குப் பார்த்தால் 11,000 ரூபா. உயர்தர வகுப்பிற் பயின்றுகொண்டிருந்த எமது மகளின் மூன்று மாத ரியூஷன் பணம் அது. விளையாட்டுக்காக அதனைச் செலவிட எமக்கு மனம் ஒப்பவில்லை. கணினிக்கென மலிவாக விற்கும் யூ.எஸ்.பி. வைபைத் துண்டொன்றைச் செருகிப் பார்க்கலாமே என்றால், அதுவும் ஆகாது. அவற்றை இயக்கும் மென்பொருள் அப்பெட்டியினுள் இல்லை.

ஆகவே, எல்லாவற்றிலும் மலிந்த வழியையே முதலிற் கைக்கொண்டோம். இணைய ரவுட்டர் முன்மண்டபத்தில், தொலைபேசிக்கு அருகில். மகனின் தொலைக்காட்சியோ பின்னறையில். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலே 20 மீற்றர் நெற்வேர்க் வயர் வாங்கிவந்தோம். இவ்வகை வயர் 100 மீற்றர் வரை செம்மையாகத் தொழிற்படும்; ஆதலால் தூரத்தைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் வெள்ளவத்தையில் வாடகைவீடு. சுவரிலே ஓர் ஆணியும் அடிக்கலாகாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. வயரைத் தரையோரமாக இழுத்து, கதவுகளின் கீழாக நுழைத்து, இரண்டிடங்களில் ஒட்டுநாடா ஒட்டினோம்.

மூன்றாம் இரவு, தண்ணீர் குடிப்பதற்கு எழுந்த எமது தாயார் அவ்வயரிலே கால் தடுக்கி விழுந்தார். அப்போது அவருக்கு வயது 74. எலும்பு முறியாதது தெய்வாதீனம். எனினும் மணிக்கட்டு வீங்கிப் பத்து நாட்கள் கட்டோடு இருந்தார். கட்டுப் போட்ட கையோடே, "ஒண்டுமில்லைத் தம்பி, பிள்ளையின்ரை வயரைக் கழட்டிப்போடாதை" என்றார். நாம் அன்றிரவே கழற்றிச் சுருட்டி அலுமாரியின் மேல் வைத்துவிட்டோம். மகன் ஒன்றுமே பேசவில்லை. மறுநாட் காலையில் அப்பம்மாவுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவனே.

அடுத்தது மகளின் மடிக்கணினி. வைபை மூலம் கணினி பெறும் இணையத்தை, ஒரு சிறிய வயர் வழியாக வேறொரு கருவிக்கும் பகிர்ந்தளிக்க விண்டோஸிலே வசதி உண்டு. செலவு சதமும் இல்லை, வேலையும் செய்தது. ஆனால், தம்பி விளையாடும் நேரமெல்லாம் அக்காவின் கணினி தம்பியின் அறையிற் சிறையிருக்க வேண்டும். மூன்று மாலைப்பொழுதுகள் கழிந்தன. நான்காம் நாள் நடந்த சண்டையை இங்கு எழுதுவதற்கில்லை. மின்சார வயரூடாகவே இணையத்தைக் கொண்டுசெல்லும் கருவிகளும் உண்டென அண்ணர் தெரிவித்தார். அவற்றைச் சோடியாக வாங்கவேண்டும் என்று அறிந்ததும் அப்பேச்சை விட்டுவிட்டோம்.

மடிக்கணினி எமக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. பெட்டிக்கு வைபை தெரியவேண்டியதே இல்லை! அதற்குத் தெரிந்தது வயரின் பாஷை மாத்திரம். நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர் போல, இருபாஷையும் அறிந்த ஒருவர் பக்கத்தில் நின்றாற் போதும். அந்த வேலைக்கு மகளின் கணினி எதற்கு? பழைய ரவுட்டர் ஒன்று போதாதா?

அலுவலக நண்பர் ஒருவரிடம் பயன்படாது கிடந்த லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.ரி. 54 ஜீ.எல். ரவுட்டர் ஒன்றை 1500 ரூபாவுக்கு வாங்கினோம். நீலமும் கறுப்புமான உடல், முதுகிலே இரண்டு கொம்புகள். இவ்வினத்தின் மூத்த ரவுட்டரிலே லினக்ஸ் மென்பொருள் பயன்பட்டிருந்தமையால், அதன் உரிம விதிப்படி 2003 இல் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதனைக் கொண்டு ஆர்வலர் பலர் புதிய மென்பொருள்களை ஆக்கினர். அவற்றுள் ஒன்றாகிய டீ.டீ.-டபிள்யூ.ஆர்.ரி.யை எவரும் இலவசமாகப் பெறலாம். அதை ஏற்றினால், வைபையைப் பரப்பும் ரவுட்டர், வைபையை வாங்கி வயருக்குக் கொடுக்கும் பாலமாக மாறிவிடும்.

ஏற்றும் வேளையில் மின்சாரம் நின்றாலோ, பிழையான கோப்பைக் கொடுத்தாலோ ரவுட்டர் செங்கல்லுக்குச் சமானமாகிவிடும் என எச்சரித்திருந்தனர். அந்தச் சில நிமிடங்கள் மின்விசிறியைக்கூட எவரும் தொடலாகாதென்று கட்டளையிட்டோம். (மின்விசிறிக்கும் ரவுட்டருக்கும் யாதொரு தொடர்புமில்லை, பயம் அவ்வாறு செய்வித்தது.) ஏறிற்று. ஆனால் இணைப்பு வரவில்லை. இரண்டு மாலைகள் தலையைப் பிய்த்துக்கொண்ட பின்னரே காரணம் புலனாயிற்று. முன்மண்டப ரவுட்டரின் முகவரி 192.168.1.1, புதிதாக வந்தவரின் முகவரியும் அதுவே. ஒரே ஒழுங்கையில் இரு வீடுகளுக்கு ஓரிலக்கம் இருந்தால் தபாற்காரர் என்ன செய்வார்? பின்னறையாரை 192.168.1.2 ஆக்கினோம். முகவரி வழங்கும் பணியை முன்மண்டபத்தாரிடமே விட்டு, மற்றவரிடமிருந்து அதனை நீக்கினோம். கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து சிறிய எழுத்தாகத் தட்டப்பட்டிருந்ததையும் மகளே கண்டுபிடித்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

கீழ்வீட்டு மாணவருக்கு இத்தனை பாடும் தேவையில்லை. இன்று கடைகளிற் கிடைக்கும் வைபை நீட்டிப்புக் கருவிகள் பலவற்றில் ஈதர்நெற் துளையொன்று இருக்கிறது. வாங்குமுன் அத்துளை உண்டோவென்று பார்த்து, அதிலிருந்து பெட்டிக்கு ஒரு முழ வயர் கொடுத்தாற் காரியம் முடிந்தது. கருவியைப் பின்னறையின் மூலையில் ஒளித்துவைக்காமல், சமிக்ஞை நன்றாக எட்டும் இடத்தில் வைக்கவேண்டும். சீமெந்துச் சுவர் ஒவ்வொன்றும் அதிற் பங்கு கேட்கும். இன்னொன்றும் சொன்னோம்: எக்ஸ்பொக்ஸ் 360 க்கான இணையக் கடை 2024 ஆடி 29 இல் மூடப்பட்டுவிட்டது. புதிதாக அதில் எதுவும் வாங்க இயலாது. கையிலுள்ள விளையாட்டுகளுக்காக மாத்திரம் செலவிடுவதானால், அச்செலவு சிறிதாகவே இருக்கட்டும் என்றோம். அவருக்கு முகம் சற்று வாடியது.

எமது இணைப்பு முதன்முதற் கைகூடியது ஆவணி மாதத்து ஞாயிறு இரவு 8 மணிக்கு. லண்டனிற் பிற்பகல் 3.30. சிறுவர் முதலிற் காற்பந்தாட்டம் ஆடினர். அது சரிவரவில்லை. கண்ணாடியிழையூடாக ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் விரைந்தாலும், லண்டன் எண்ணாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலல்லவா? மகன் உதைத்த பந்து சற்றுத் தாமதித்தே அங்கு உதைபட்டது. எமது ரவுட்டரை எவ்வளவு திருத்தினாலும் அந்தத் தூரம் குறையாது. ஆதலின் 'ஊனோ' என்னும் கடதாசி ஆட்டத்துக்கு மாறினர். ஒருவர் பின் ஒருவராக ஆடும் ஆட்டத்திலே அரைச் செக்கன் பொருட்டன்று. அன்றியும், முறை வரும்வரை கதைக்க நேரமும் இருந்தது.

கதைத்தார்கள். பாடசாலை, மழை, நாய்க்குட்டி, ஆசிரியரின் கோபம் என்று முக்கால் மணிநேரம், பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எமது தாயார் உள்ளே வந்து கட்டிலில் அமர்ந்தார். மகன் தலையிலிருந்த ஒலிவாங்கியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டான்.

"ராசா, சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் அப்பம்மா."

தாயார் திரையைக் கூர்ந்து பார்த்தார். முந்நூற்றுநாலு ஆட்டத்தில் ஊரிலே பெயரெடுத்தவர் அவர். சிவப்பும் நீலமுமாகக் கடதாசிகள் விழுவதைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, "இதிலை துரும்பு எது?" என்று கேட்டார். துரும்பே இல்லை என்று மகன் கூறியதும், "துரும்பில்லாமல் ஒரு விளையாட்டோ!" என வியந்தார்.

"அப்பம்மா, துரும்பு எண்டா என்ன?" என்று லண்டனிலிருந்து குரல் வந்தது.

அவர் விளக்கத் தொடங்கினார். அன்றைய ஊனோ ஆட்டம் முடிவுறாமலே நின்றுபோயிற்று.