வாப்பாவின் றெக்கோட்

1990 ஒக்டோபரில், இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணம் சோனகதெருவை விட்டு நாங்கள் வெளியேறியபோது வாப்பாவின் பிளேயரும் றெக்கோட்டுகளும் வீட்டோடு நின்றுவிட்டன. நாகூர் ஈ. எம். ஹனிபாவின் 45 சுற்று றெக்கோட் ஒன்று மட்டும் தப்பியது. புத்தளத்து மாமி அதைக் கலியாண வீடொன்றுக்கு இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தராமல் இருந்தார். (அதற்காக அவரைத் திட்டித் தீர்த்த உம்மா, பிறகு அவருக்காகத் துஆக் கேட்டார்.)

சென்ற வருடம் அதைக் கணினியில் ஏற்ற முனைந்தேன். இரவல் பிளேயரின் வயரை நேரே கணினியில் செருகியதும் ஹனிபாவின் கணீர்க் குரல் தகரத்தில் தட்டியதுபோல் கேட்டது. றெக்கோட் வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்த ஒலிகளைக் கூட்டியே பதிவார்கள். அதைத் திரும்பச் சரிசெய்யவும், ஊசி தரும் மிக மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கவும் இடையில் ஒரு ஃபோனோ பிரீஅம்ப் வேண்டும். அதைப் பொருத்தியதும் குரல் வந்தது. ஓடாசிட்டியில் இரைச்சலை அளவுக்கு மிஞ்சி அகற்றினேன். பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது. அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினேன்.

இரண்டாவது சரணத்தில் ஒரு கீறல். ஊசி அங்கே சிக்கி ஒரே சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லும். அந்நாளில் வாப்பா எழும்பிப் போய் விரலால் மெல்லத் தட்டிவிடுவார். நான் அந்த மிகைச் சொற்களை வெட்டி, ஒட்டுத் தெரியாமல் இணைத்தேன்.

போட்டுக் காட்டினேன். வாப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வரச் சற்று முன் கதிரையின் கையைப் பிடித்து எழும்ப எத்தனித்தார். பாட்டு நிற்காமல் போயிற்று.

"எங்கட றெக்கோட்தானே மகன்?" என்று கேட்டார்.

மறு பக்கத்தை நான் இன்னும் பதியவில்லை.