சுருளிப்பட்டியின் பன்னீர்க் கொடிகள்

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் உள்ளது சுருளிப்பட்டி. அருவியில் நீராடும் ஆவலில் பலர் இவ்வூரைப் பேருந்திலிருந்தே பார்த்துக் கடந்துவிடுகின்றனர். நாம் சற்று இறங்கி நடப்போம். கல்தூண்களை நட்டுக் கம்பி இழுத்துக் கட்டிய பந்தல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிகின்றன. குனிந்து உள்ளே நுழைந்தால், தலைக்கு மேலே கருநீலக் கொத்துகள்! இவையே பன்னீர்த் திராட்சை.

இப்பள்ளத்தாக்கின் வளத்துக்கு நீரே முதற்காரணம். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றைப் பென்னிகுயிக் அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895இல் அந்நீர் இங்கு வந்தது. திராட்சையைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்றும், அது 1832இல் நிகழ்ந்தது என்றும் கூறுவர். 2023இல் ‘கம்பம் பன்னீர்த் திராட்சை’ புவிசார் குறியீடு பெற்றது.

பிரான்சு நாட்டிலும் ஊர்ப்பெயரே திராட்சை இரசத்திற்குப் பெருமை தருகிறது. போர்தோப் பகுதியின் சிவப்பு இரசம் பெரும்பாலும் ஒரே பழத்தில் பிறப்பதன்று. மெர்லோ முந்திப் பழுத்து மென்மை தரும். கபெர்னே சொவிஞ்ஞோன் பிந்திப் பழுத்துத் துவர்ப்பும் உறுதியும் தரும். பனியோ மழையோ ஒன்றைக் கெடுத்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். கலவை என்பது சுவைக்காக மட்டுமன்று. உழவனின் காப்பும் அதுவே.

சுருளிப்பட்டி உழவருக்கோ பெரும்பாலும் இந்த ஒரு பழமே துணை. குளிர்நாட்டுக் கொடி ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். இங்கே கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்யும் நாளே பருவத்தை வகுக்கிறது. ஒரு தோட்டத்தில் பூவும் அடுத்ததில் பழமுமாக ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கிறது. ஆயினும் பழுக்கும் வேளையில் மழை பெய்தால் பழம் வெடிக்கும். ஈரம் நீடித்தால் அடிச்சாம்பல் நோய் பரவும். பறித்த பழமும் நெடுநாள் தாங்காது. எனவே விலை சரிந்தாலும் உழவர் காத்திருக்க இயலாது. வந்த விலைக்குக் கொடுத்தே தீரவேண்டும்.

அப்படியானால் இரசம் பிழியும் ஆலை இதற்கு மருந்தாகுமா? பன்னீர்த் திராட்சை இரசத்திற்கும் ஏற்றதே. நம் திருப்பலிக்குரிய இரசமும் கலப்படமற்ற திராட்சைக் கனியினின்றே வரவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். ஆனால் குடியால் சிதைந்த குடும்பங்களை அறியாத பங்கு நம்மிடையே உண்டோ? ஒரு குடும்பத்தின் பயிரைக் காக்க மற்றொரு குடும்பத்தின் அடுப்பை அணைப்பது நியாயமாகாது. இரசம் ஒரு வழியாக இருக்கலாம், அதுவே வழியாகிவிடலாகாது.

பழச்சாறு, பாகு, உலர்திராட்சை ஆகியவற்றுக்கும் இக்கனி உகந்தது. போர்தோ உழவர் பழங்களைக் கலந்து தம்மைக் காத்துக்கொண்டதுபோல், நம் உழவரும் விற்கும் வழிகளைக் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று அடைபட்டால் மற்றொன்று திறந்திருக்கும். அதற்குக் குளிர்பதனக் கிடங்கும் கூட்டுறவும் தேவை.

வாசக அன்பர்களே, அடுத்தமுறை தள்ளுவண்டியில் பன்னீர்த் திராட்சை வாங்குகையில், பேரம் பேசுமுன் அந்தப் பந்தலடியில் குனிந்து உழைக்கும் கைகளைச் சற்றே நினைத்துக்கொள்வோம்.