போன் திருடு போனால்...

நம் வயதுக்காரர்களுக்கு இன்று போன் என்பது பேசுவதற்கு மட்டும் இல்லை. பென்ஷன் வந்த செய்தி, கேஸ் புக்கிங், கரண்ட் பில், பேரன் பேத்தி படங்கள் எல்லாமே அதற்குள்தான். அது திருடு போனால் என்ன செய்வது என்று, எனக்கு நடந்ததை வைத்தே எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

போன ஆடி மாதம் மதுரை மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறும்போது, நெரிசலில் சட்டைப் பையிலிருந்த போனை யாரோ எடுத்துவிட்டார்கள். கண்டக்டர் தன் போனில் என் நம்பருக்கு அடித்துப் பார்த்தார். முதல் தடவை மணி அடித்தது. அடுத்த தடவை ஸ்விட்ச் ஆஃப். "சார், இனிமே தேடிப் பிரயோஜனம் இல்ல. இறங்கி ஆக வேண்டியதைப் பாருங்க" என்றார். நல்ல யோசனைதான்.

ஆக வேண்டியதில் முதல் வேலை சிம்மை நிறுத்துவது. போனுக்கு நாம் போட்ட பூட்டு சிம்முக்குக் கிடையாது. அதைக் கழற்றி வேறு போனில் போட்டால் நம் ஓ.டி.பி. எல்லாம் திருடனுக்கே போகும். டீக்கடைக்காரர் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினேன். "ஏங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் மனைவி முதலில் கேட்டாள். பிறகு கஸ்டமர் கேருக்குப் பேசி அவளே சிம்மை நிறுத்த ஏற்பாடு செய்தாள்.

இரண்டாவது பேங்க். ஏ.டி.எம். கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணுக்குப் பேசி யு.பி.ஐ., நெட் பேங்கிங் இரண்டையும் நிறுத்தச் சொன்னேன். சிலர் போன் கவருக்குள்ளேயே கார்டைச் செருகி வைக்கிறார்கள். வேண்டாம். கார்டின் கடைசி ஆறு எண்கள், அது காலாவதியாகும் மாதம், ஓ.டி.பி. இவை இருந்தால் யு.பி.ஐ. பின்னையே மாற்றிவிடலாம். பணம் போயே போய்விட்டால் உடனே 1930-க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால் போன பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவது போலீஸ். புகாரில் போனின் ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். 15 இலக்கம். போன் வாங்கிய டப்பாவில் இருந்ததை மனைவி படித்துச் சொன்னாள். புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம். அதில் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. சிம் மோசடியைத் தடுக்க வைத்த விதி; பதற வேண்டாம். மறுநாள் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், சி.இ.ஐ.ஆர். பகுதிக்குப் போய், போலீஸ் ரசீதை ஏற்றி விண்ணப்பித்தேன். 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் உள்ள வசதி இது. அங்கே தடை செய்துவிட்டால் எந்த கம்பெனி சிம் போட்டாலும் அந்த போன் நம் நாட்டில் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் போலீசுக்குத் துப்பும் கிடைக்கும். போன் திரும்பி வந்தால் நாமே தடையை நீக்கிக்கொள்ளலாம். அதற்கு விண்ணப்ப எண் வேண்டும், பத்திரம்.

என் போன் இன்றுவரை கிடைக்கவில்லை. அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. மறைந்துபோன என் அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் அதில் இருந்தன. "தம்பி, சாப்டியாப்பா?" என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும். புது போனில் பழைய நம்பரும் பழைய ஜிமெயிலும் போட்டதும், பேக்கப் இருக்கிறது, மீட்கவா என்று வாட்ஸ்அப் கேட்டது. அரை மணி நேரத்தில் அக்கா குரல் வந்துவிட்டது. மனைவியும் நானும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இன்று ராத்திரியே மூன்று காரியம் செய்யுங்கள். போனில் *#06# அடித்து வரும் எண்ணை டைரியில் எழுதுங்கள். பக்கத்திலேயே பேங்க், சிம் கம்பெனி உதவி எண்களையும் வீட்டார் இருவர் நம்பரையும் எழுதுங்கள். வாட்ஸ்அப் பேக்கப் ஓடுகிறதா என்று பாருங்கள். டைரி எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வைப்பதும் முக்கியம்.