துணை

இந்த இதழுக்கென்று நான் எழுதத் தொடங்கியது வேறு கட்டுரை. மரபு செத்துவிட்டது என்கிறவர்களுக்கும், அதன் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லிவிடலாம் என்ற நினைப்பில் ஆறு பக்கம் எழுதியிருந்தேன். உதாரணத்துக்கு ஒரு கப்பல் அகப்பட்டது. கட்டுரையைக் கவிழ்த்தது அந்தக் கப்பல்தான்.

அதன் பெயர் பிக்ஸிஸ் ஓஷன். 229 மீட்டர் நீளம். தானியம் போன்ற சரக்குகளை மூட்டை கட்டாமல் மொத்தமாக ஏற்றிச் செல்லும் ரகம். ஷாங்காயில் அதன் மேல்தட்டில் 37.5 மீட்டர் உயரத்துக்கு இரண்டு பாய்களை நிறுத்தினார்கள். 2023 ஆகஸ்டில் பிரேஸிலை நோக்கிக் கிளம்பியது. பாய் என்றால் துணி அல்ல. எஃகும் கண்ணாடி இழையும் சேர்த்துச் செய்தது; ஆகாய விமானத்தின் சிறகைச் செங்குத்தாக நட்டுவைத்தது போல் இருக்கும். அதன் ஒரு புறம் காற்று விரைந்தும் மறுபுறம் மெதுவாகவும் போகிறது. அழுத்தத்தில் உண்டாகும் வித்தியாசம் கப்பலை முன்னால் இழுக்கிறது. எஞ்சின் நிற்பதில்லை, அதன் பளு குறைகிறது. இந்துமகா சமுத்திரம், பசிபிக், அட்லாண்டிக் என்று ஆறு மாதம் ஓட்டிப் பார்த்ததில் சராசரியாக நாளொன்றுக்கு 3 டன் எரிபொருள் மிச்சம் என்று 2024 மார்ச்சில் கணக்குக் கொடுத்தார்கள். காற்று மிக அனுகூலமாக இருந்த நாட்களில் 11 டன் வரை.

இது முதல் முயற்சியும் அல்ல. 1924இல் ஜெர்மனியில் ஆன்டன் ஃப்ளெட்னர் என்பவர் ‘புக்காவ்’ என்ற கப்பலில் பாய்களுக்குப் பதில் இரண்டு உயரமான உருளைகளை நிறுத்திச் சுழலவிட்டார். சுழலும் உருளைமேல் காற்று படும்போது பக்கவாட்டில் ஒரு விசை பிறக்கும் என்பதை 1852இலேயே மாக்னஸ் ஆராய்ந்து சொல்லியிருந்தார். 1926இல் அந்தக் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் போயிற்று. எண்ணெய் மலிவாக இருந்த காலம்; யாரும் அதைச் சட்டைசெய்யவில்லை. இன்று அதே உருளைகள் பல சரக்குக் கப்பல்களில் மறுபடி சுழல்கின்றன.

போனது திரும்பி வரும், ஆனால் போன உருவில் வராது. நான் எழுதி அடிக்கோடிட்டிருந்த வாக்கியம் இது. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது.

அப்பாவிடம் கப்பலைப் பற்றிச் சொன்னேன். அப்பா கொட்டாரத்துக்காரர்தான் என்றாலும் பதினாறு வயதில் உறவுக்காரர் ஒருவரின் சிபாரிசில் தூத்துக்குடி போய்த் தோணியில் ஏறியவர். கொழும்புச் சரக்கு, எஞ்சின் இல்லாத தோணி. ஆஞ்சான், தாமான், பருமல் என்று அவர் சொல்லும் வார்த்தைகள் எங்கள் தெருவில் வேறு யார் வாயிலும் வராது. 1983 கலவரத்துக்குப் பின் வீட்டில் பயந்து அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதை ஒட்டிய வருஷங்களில் தோணிகளுக்கு ஒவ்வொன்றாக எஞ்சின் வந்தது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகளை நிறுத்தியதும் அந்தக் காலத்தில்தான், 1986இல். பாய் கைவிட்ட காற்றை இறக்கை பிடித்துக்கொண்டது என்று இதையும் ஒரு வாக்கியமாக எழுதி வைத்திருந்தேன்.

அப்பா புலம்புவார், அந்தப் புலம்பலைக் கட்டுரையின் கடைசிப் பகுதியாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். அவர் கேட்டது இவ்வளவுதான்.

“பாய எப்பம் எறக்கணும்னு யாரு சொல்லுவா?”

“மேலே ஒரு திரை இருக்கு. பச்சை எரிஞ்சா ஏத்தலாம். செவப்பு எரிஞ்சா எறக்கணும்.”

“வெளக்குக்கு யாரு சொல்லுவா?”

“காத்தை அளக்குத கருவி.”

“அப்பம் சரி. தண்டலும் அதத்தான பாத்தாரு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஆடி மாதத்து மேல்காற்று தென்னைகளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார்: “ஏத்துததுக்குப் பத்து பேரு உண்டு மக்கா. எறக்கணும்னு சொல்லுததுக்கு ஒருத்தன்தான். அவனத்தான் தண்டல்னு சொல்லுதது.”

இதில் துக்கம் எதுவும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆறு பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் தங்கை தன் கடன் விஷயமாக வந்தாள். கொட்டாரம் சந்திப்புக்குப் பக்கத்தில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். தோலை இறுக்கும் ரேடியோ அலைக் கருவி ஒன்று வாங்கவேண்டும், அதற்குக் கடன். நான் வேலை பார்க்கும் வங்கியில் அல்ல. உறவுக்காரர் கோப்பை நான் தொடவும் கூடாது. அவளுக்கு என்னிடம் வேண்டியிருந்தது இங்கிலீஷ். விலைப்பட்டியலோடு வந்த துண்டுப்பிரசுரத்தைப் படித்து அர்த்தம் சொல்லவேண்டும். முகப்பில் ஒரு பெண்ணின் முகம். பாதியில் சுருக்கம், பாதியில் சுருக்கம் இல்லை. நான் சிரித்தேன். காலத்தை இஸ்திரி போட்டுத் தேய்க்கப் பார்க்கிறார்கள் என்றேன். “நீ எழுதுத பத்திரிகைய எத்தன பேரு படிக்கான்?” என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

கருவியின் தத்துவம் அப்படியொன்றும் கேலிக்குரியது அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். மின்சாரத்தின் திசை மெதுவாக மாறினால் தசை துடிக்கும், அதிர்ச்சி உண்டாகும். மிக வேகமாக மாறினால் தசைக்கும் நரம்புக்கும் அதைப் பின்தொடர அவகாசம் இல்லை. சூடு மட்டும் மிஞ்சும். இதை 1890களின் தொடக்கத்தில் பிரான்ஸில் தார்சோன்வால் கண்டு சொன்னார். 1926இல், ஃப்ளெட்னரின் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்த அதே வருஷம், பாஸ்டனில் ஹார்வி குஷிங் என்ற அறுவை மருத்துவர், போவி செய்து கொடுத்த கருவியைக் கொண்டு, வேகமாகத் திசை மாறும் மின்சாரத்தால் ரத்தப் போக்கை நிறுத்தி மூளைக் கட்டிகளை எடுக்கத் தொடங்கினார். அழகு நிலையத்துக்கு வருவது அதன் சாந்தமான வாரிசு: வினாடிக்குப் பத்து லட்சம் தடவை என்கிற அளவில் திசை மாறும் மின்சாரம் தோலுக்கு அடியில் போய், அங்கே தடைபட்டுச் சூடாகிறது. கொலாஜன் என்ற புரத இழைகள் சூட்டில் சுருங்குகின்றன. அதைச் சிறு காயமாக எடுத்துக்கொண்டு உடம்பு பல மாதங்களில் புது இழைகளை நெய்கிறது. நெய்வது உடம்பு, கருவி அதைத் தூண்டிவிடுவதோடு சரி. பலன் பிரசுரத்தில் காட்டியதுபோல் இராது. ஆளுக்கு ஆள் மாறும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. விற்பனைக்காரர் கருவியைக் காரில் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தார். யார்மேலாவது போட்டுக் காட்டவேண்டும். அம்மா முடியாது என்றுவிட்டாள். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்க கழுத்துல போடு பிள்ளே. இருவது வயசாயி எறங்கட்டும்.” உப்பும் வெயிலும் கீறிய கழுத்து அது. எல்லோரும் சிரித்தோம். தங்கை களிம்பைத் தடவ ஆரம்பித்தாள்.

நான் கருவியோடு வந்த கையேட்டை எடுத்துவைத்துக்கொண்டேன். எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அதன் இங்கிலீஷைக் கேலிசெய்ய. எங்கோ தூரதேசத்தில் யாரோ அகராதியை வைத்துக்கொண்டு ஒட்டிய இங்கிலீஷ். சப்தமாகப் படித்து, உடனுக்குடன் தமிழாக்கி, நாடகக்காரன்போல் கையை ஆட்டினேன். வேற்றுமைப் பிழை ஒன்று, காலப் பிழை ஒன்று, அச்சுப் பிழை ஒன்று. அதே குரலில், நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்மேல் இதைப் பிரயோகிக்கக்கூடாது என்ற வரியையும் படித்தேன். அதில் எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. அதைச் சுட்டிக்காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வரியின் பாதியில்தான் நின்றேன்.

அப்பாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. இடது காரை எலும்புக்குக் கீழே தோல் சற்றுப் புடைத்திருக்கும். சட்டை இல்லாமல் எங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நான் “நிறுத்து” என்று கத்தியபோது தங்கையின் கையில் இருந்த பிடி கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. விற்பனைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அப்பா துண்டால் களிம்பைத் துடைத்துக்கொண்டு, “சவத்த எடுத்து வையி. காப்பி குடிச்சிட்டுப் போட்டும் அந்தப் பிள்ள” என்றார்.

மறுவாரம் நாகர்கோவிலில் இதய மருத்துவரிடம் கேட்டேன். பேஸ்மேக்கர் சதா துடிப்பைக் கொடுத்துக்கொண்டிருப்பது அல்ல. இதயம் தானாகத் துடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். துடித்தால் சும்மா இருக்கும், தவறினால் ஒரு துடிப்பைக் கொடுக்கும். வெளியிலிருந்து இப்படியொரு மின்சாரம் பக்கத்தில் வந்தால், அந்தச் சந்தடியையே இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, கொடுக்கவேண்டிய நேரத்தில் கொடுக்காமல் இருந்துவிடக்கூடும். “ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம்” என்றார். அந்த ‘லாம்’ இன்னும் என்னோடு இருக்கிறது.

நுட்பமான வாசிப்பு என்று பதினைந்து வருஷமாக எழுதி வருகிறேன். வார்த்தைக்கு வார்த்தை நின்று படிக்கவேண்டும் என்று அடுத்தவனுக்கு உபதேசித்திருக்கிறேன். என் காது அன்று வாக்கியத்தின் பிழையைக் கேட்டது, வாக்கியத்தைக் கேட்கவில்லை. சந்தடியைத் துடிப்பென்று எடுத்துக்கொள்வதற்கு நெஞ்சில் பெட்டி வேண்டும் என்பதில்லை. எத்தனை கவிதைகளை, எத்தனை முதல் தொகுதிக்காரர்களை இந்தக் காதோடு படித்துத் தீர்ப்புச் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அவர்களில் சிலர் இதையும் படிப்பார்கள்.

கப்பலுக்கு மறுபடி வருகிறேன். அந்த ரகக் கப்பலுக்குக் காற்றின் துணையுள்ள கப்பல் என்று பெயர். எஜமானாக இருந்த காற்று துணையாளாகிவிட்டது என்றுதான் ஆறு பக்கக் கட்டுரையில் எழுதியிருந்தேன். துணை என்ற வார்த்தையை அன்று நான் மட்டமாக வைத்திருந்தேன். துறைமுகத்துக்குள் வரும்போது பிக்ஸிஸ் ஓஷனின் பாய்கள் மடங்கி மேல்தட்டோடு படுத்துவிட்டன. அவற்றை எழுப்பியது எவ்வளவு முக்கியமோ மடக்கத் தெரிந்ததும் அவ்வளவு முக்கியம். பத்துப் பேர் ஏற்றும் பாயை இறக்கச் சொன்ன தண்டலுக்கும், பச்சை, சிவப்பு விளக்குக்கும், அப்பா நெஞ்சில் சும்மா இருக்கத் தெரிந்த பெட்டிக்கும் வேலை ஒன்றுதான். விமர்சனத்துக்கும் அதுதான் வேலையாக இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. நான் ஏற்ற மட்டும் தெரிந்தவனாக இருந்திருக்கிறேன்.

தங்கை கருவியை வாங்கிவிட்டாள். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு யோக்யதையும் இல்லை. ஊசி வைத்த ரகம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். தீக்காயம், தழும்பு, நரம்புச் சேதம் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 அக்டோபரில் எச்சரித்தது அந்த ரகத்தைப் பற்றித்தான். அவள் வாங்கியது ஊசி இல்லாதது. சுவரில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுதித் தரச் சொன்னாள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், உடம்பில் உலோகம் பொருத்தியவர்கள் முதலில் சொல்லவேண்டும் என்ற விஷயம். நான்கு வரி. ஏழு தடவை அடித்து எழுதினேன். ‘இதய முடுக்கி’ என்று போட்டிருந்ததை அவள் அடித்துவிட்டுப் ‘பேஸ்மேக்கர்’ என்று எழுதினாள். அப்பாவுக்கே அந்தப் பெயர்தான் தெரியும் என்றாள். அப்படியே விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் நான் எழுதியதில் முழுசாக வாசிக்கப்படுவது அது ஒன்றுதான்.